கன்சோலில் ஓடுகிறது, சர்வீஸாகப் போட்டால் எச்டிடிபிஎஸ் மட்டும் வரவில்லை

டாட்நெட் 8-ல் ஒரு சின்ன ஏபிஐ, டாட்நெட்டோடு வரும் கெஸ்ட்ரல் என்ற வெப் சர்வர், போர்ட் 8443. கன்சோலில் ஓட்டினால் பிரவுசரில் பூட்டுக் குறியோடு திறக்கிறது. அதையே நெட்வொர்க் சர்வீஸ் கணக்கில் விண்டோஸ் சர்வீஸாகப் போட்டதும், ஸ்டார்ட் கொடுத்த வேகத்தில் நின்றுவிட்டது.

ஈவன்ட் வியூவரின் அப்ளிகேஷன் பகுதியில் 1026 என்ற பதிவு: டெவலப்பர் சான்றிதழ் கிடைக்கவில்லையாம். எப்படிக் கிடைக்கும்? அது லாகின் செய்தவரின் ஸ்டோரில், அதாவது விண்டோஸ் சான்றிதழ்களை வைக்கும் இடத்தில் இருக்கிறது; சர்வீஸ் ஓடுவதோ வேறு கணக்கில். சான்றிதழும் அதன் சாவியும் சேர்ந்திருக்கும் பிஎஃப்எக்ஸ் கோப்பை டபுள் கிளிக் செய்து, முதல் திரையிலேயே லோக்கல் மெஷினைத் தேர்ந்து, பெர்சனல் ஸ்டோரில் ஏற்றியாயிற்று. ஆப்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் சான்றிதழின் லொகேஷனையும் லோக்கல் மெஷின் என்று எழுதியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் கெஸ்ட்ரல் பழையபடி கரன்ட் யூசரில்தான் தேடும்.

இப்போது சர்வீஸ் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் பிரவுசரில் கனெக்‌ஷன் அறுபடுகிறது. லாகில் ஒரு வரி கிடையாது. இந்த இடத்தில்தான் நேரம் வீணாகும். டிஎல்எஸ் கைகுலுக்கல் (எச்டிடிபிஎஸ் இணைப்பின் தொடக்கப் பேச்சு) தோற்றால் கெஸ்ட்ரல் அதை டீபக் அளவில்தான் எழுதும். வழக்கமான இன்ஃபர்மேஷன் அளவில் கண்ணில் படாது. ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் எஸ்சேனல் (விண்டோஸில் டிஎல்எஸ்ஸைக் கவனிக்கும் பகுதி) விட்ட 36870 என்ற பதிவு விஷயத்தைச் சொல்லிவிட்டது: சான்றிதழின் ரகசியச் சாவியான பிரைவேட் கீயைத் திறக்க முடியவில்லை. சான்றிதழைப் பார்க்க எந்தக் கணக்காலும் முடியும், சாவிக்குத் தனி அனுமதி.

லோக்கல் கம்ப்யூட்டருக்கான சான்றிதழ் மேனேஜரை அட்மினாகத் திறந்து, சான்றிதழில் ரைட் கிளிக், ஆல் டாஸ்க்ஸ், மேனேஜ் பிரைவேட் கீஸ். நெட்வொர்க் சர்வீஸைச் சேர்த்து ரீட் மட்டும் போதும். ஃபுல் கண்ட்ரோல் வேண்டாம். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் பக்கம் திறந்தது.

கெஸ்ட்ரலுக்குப் பதில் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் எச்டிடிபி டாட் சிஸ் வழியாகப் போகிறவர்களுக்கு இந்த அனுமதி வேலை இல்லை. சாவியை விண்டோஸே திறந்துகொள்ளும். அங்கே நெட்ஷெல் கட்டளையில் சான்றிதழைப் போர்ட்டோடு கட்டும்போது 1312 பிழை வந்தால், பெரும்பாலும் சான்றிதழ் யூசர் ஸ்டோரில் கிடக்கிறது, அல்லது சாவி இல்லாமல் இறக்கப்பட்டிருக்கிறது.

புதுப்பிக்கும்போது கவனம். புதுச் சாவியோடு வரும் சான்றிதழுக்குப் பழைய ரீட் அனுமதி ஒட்டாது. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் கெஸ்ட்ரல் காலாவதி தள்ளியிருப்பதை எடுக்கும், அதுவும் ஸ்டார்ட் ஆகும்போதுதான். அதனால் மாற்றிய அன்று எல்லாம் ஓடும். பிறகு என்றோ மெஷின் ரீபூட் ஆன காலையில் மறுபடி 36870.