அம்மாவின் முழங்கைத் தேமலுக்குப் பெயர் கிடைத்த வழி

மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் குறுவை நடவு முடிந்த சமயத்தில், அம்மாவின் இடது முழங்கைக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது. சேற்றில் நிற்கிறவர்களுக்குப் பூஞ்சையால் வரும் படை புதிதல்ல என்பதால், மருந்துக்கடையில் கொடுத்த களிம்பையே மூன்று மாதம் தடவினோம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்ததும், அது திட்டின் ஓரத்தை மங்கச் செய்து நோயை அப்படியே விட்டுவைத்ததும், தஞ்சாவூரில் தோல் மருத்துவர் அட்டைப்பெட்டியை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தன.

அவர் அம்மாவின் கையைச் சன்னல் வெளிச்சத்தில் நீட்டச் சொல்லி, திட்டின் அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தார்; ஃப்ளாஷ் போட்டால் தோலின் நிறம் மாறிவிடுமாம். படத்தைப் பார்த்துத் தோல் நோயை ஊகிக்கும் கணினி நிரலில் அதை ஏற்றியதும், நிரல் வயது, திட்டு வந்த காலம், அரிப்பு ஆகியவற்றைக் கேட்டது. அம்மாவை முந்திக்கொண்டு நானே “அரிப்பு உண்டு” என்று சொல்லிவிட்டேன். இருக்கக்கூடிய நோய்கள் என்று அது தந்த பட்டியலில் படை முதலிலும் தொழுநோய் நான்காவதாகவும் இருந்தன.

2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1,29,450 படங்களைக் கொண்டு பயிற்றுவித்த நிரல், தோல் புற்றுநோயை இனங்காண்பதில் 21 தோல் மருத்துவர்களுக்கு ஈடுகொடுத்ததை நான் படித்திருந்தேன். அதைச் சொன்னபோது மருத்துவர் மறுக்கவில்லை. ஆனால் இத்துறையில் பெரிதும் புழங்கும் 10,015 படங்களின் தொகுப்பு ஆஸ்திரியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் திரட்டப்பட்டது என்றும், வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது நம் தோலில் கருமையாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ தெரியும் என்றும் விளக்கினார். முதலில் வரும் பெயரைவிட, தாம் மறந்திருக்கக்கூடிய பெயர் ஏதேனும் கீழே இருக்கிறதா என்பதற்காகவே அந்தப் பட்டியலைப் பார்ப்பதாகவும் சொன்னார்.

பிறகு பஞ்சைத் திரியாக முறுக்கி, “கண்ணை மூடிக்கங்கம்மா, தொடுற எடத்த விரலால காட்டுங்க” என்றார். திட்டைச் சுற்றிலும் அம்மா சரியாகக் காட்டினார். திட்டின் நடுவே மூன்று முறை தொட்டும் விரல் அசையவில்லை. “இன்னும் தொடலையே தம்பி” என்றார். அந்த இடத்தில் எப்போதோ அடுப்பு சுட்ட வடு இருந்ததையும், அது சுட்டதே அம்மாவுக்குத் தெரியாமல் போனதையும் அப்போதுதான் கேட்டறிந்தேன். அரிப்பும் ஒருநாளும் இருந்ததில்லையாம். என் பதிலைத் திருத்தியதும் தொழுநோய் இரண்டாம் இடத்துக்கு ஏறியது.

முழங்கை நரம்பு தடித்திருந்தது. சுரண்டி எடுத்த செதிலில் பூஞ்சை இல்லை; சதைத் துணுக்குச் சோதனை தொழுநோயை உறுதி செய்தது. ஆறு மாதக் கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலுள்ள ரிஃபாம்பிசின் மாத்திரையின் முதல் வேளைக்குப் பின் சிறுநீர் சிவந்துபோனதைக் கண்டு அம்மா அலறியதுதான் வீட்டில் பெரிய கலவரம்.

இப்போது மாதம் ஒரு படம், அதே சன்னலில், அதே நாணயத்தோடு. சென்ற முறை கணினி மீண்டும் படையையே முதலில் காட்டியது. மருத்துவர் சிரித்துக்கொண்டே பஞ்சை எடுத்தார். அதற்குள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியிருந்தார்.