ஒரே பார்சலுக்கு இரண்டு நாட்டு வரி

பிரான்சில் இருக்கும் ஒரு கடையிலிருந்து மகனுக்குக் கிளாரினெட் மவுத்பீஸ் வரவழைத்தேன். அந்த நாட்டு வரியும் என்னிடம் வாங்கினார்கள், நம் நாட்டு வரியும் வாங்கினார்கள். 2023இல் நடந்தது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆர்டர் போட்டது, ஆதார் அனுப்பியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. விலை 120 யூரோ, அனுப்பும் செலவு 30 யூரோ. பார்சல் சென்னை வந்ததும் ஒரு குறுஞ்செய்தி: சுங்க வரி, அதாவது டியூட்டி, பத்தாயிரத்துச் சொச்சம் கட்டினால்தான் டெலிவரி. பொருளின் விலையே பதினோராயிரத்துக்குள்தான்! ஏமாற்று வேலையாக இருக்கும் என்று லிங்க்கைத் தொடவில்லை. இப்படிப் போலிச் செய்திகள் நிறைய வருகின்றன. டிராக்கிங் எண்ணைக் கூரியரின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தேன், உண்மைதான்.

புதுச்சேரிக் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் மொத்தத் தொகையை மட்டும் காட்டினார். எதற்கு எவ்வளவு என்று கேட்டால், "அதெல்லாம் சென்னையிலதான் சார் தெரியும்" என்றார். சென்னைக்குப் போன் செய்தால், "உங்க பிராஞ்ச்லயே கேளுங்க சார்." வரிசையில் நின்ற ஒருவர், "பாண்டியில வரி கம்மியாச்சே, இவ்வளவா?" என்று ஆச்சரியப்பட்டார். சுங்கம் மத்திய அரசுடையது. பாண்டிக்கும் கடலூருக்கும் அதில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் கிடையாது.

வேறு வழியில்லாமல் பணத்தைக் கட்டிவிட்டு, கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். சொந்த உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு அப்போது அடிப்படைச் சுங்கம் 35 சதவீதம். அந்தச் சுங்கத்தில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, அது 3.5. இவற்றைப் பொருளின் மதிப்போடு கூட்டி, மொத்தத்தின் மேல் 28 சதவீதம் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. எல்லாம் சேர்ந்து 77.28 சதவீதம் வருகிறது. மதிப்பு என்றால் அனுப்பும் செலவும் உள்ளடக்கம். யூரோவுக்கு 90 ரூபாய் வைத்தால் 150 யூரோ 13,500 ரூபாய், வரி 10,400க்கு மேல். வரியை நமக்காக முன்கூட்டியே கட்டியதற்குக் கூரியர் ஒரு கட்டணம் போடுகிறது, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி.

எதிர்வீட்டு ஐயா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் சொல்தா என்போம். கடையின் பில்லைப் பார்த்ததும், "தம்பி, தேவேஆ போட்டிருக்கான் பாரு. நீ என்ன பிரான்ஸ்லயா இருக்க?" என்றார். தேவேஆ என்பது அவர்கள் ஊர் விற்பனை வரி, அந்த 120இல் 20 யூரோ அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே போகும் பொருளுக்கு அந்த வரி கிடையாது. அதைவிடக் கொடுமை, அந்த 20 யூரோவையும் மதிப்பில் சேர்த்து நம் சுங்கம் 77 சதவீதம் போட்டிருந்தது. வரிக்கு வரியாக 1,390 ரூபாய்!

ஐயா சொல்லச் சொல்லப் பிரெஞ்சிலேயே கடைக்கு எழுதினேன். எல்லோருக்கும் ஒரே விலைதான் என்று பதில் வந்தது. விடாமல் எழுதினோம். கடைசியில், பொருள் இந்தியாவுக்குள் வந்ததற்குச் சுங்கத் தாளைக் காட்டினால் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அந்தத் தாள்தான் கூரியர் பில் ஆஃப் என்ட்ரி. கவுண்டரில் யாரும் கண்ணில் காட்டாதது. டியூட்டி விவரம் என்று பொதுவாகக் கேட்டால் அலைய விடுகிறார்கள். டிராக்கிங் எண்ணோடு, கூரியர் பில் ஆஃப் என்ட்ரி நகல் என்று பெயர் சொல்லி மின்னஞ்சல் போட்டேன், பிடிஎஃப் வந்தது. அதை அனுப்பினேன், 20 யூரோ கார்டுக்குத் திரும்பியது. அன்று ஐயா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன், என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். சுங்கத்தில் போன 1,390 மட்டும் போனதுதான்.

ஐரோப்பாவிலிருந்து வாங்குபவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இந்திய முகவரியைப் போட்டு, விலை இறங்குகிறதா என்று பாருங்கள். பிரான்ஸ் கடை என்றால் 120 என்பது 100 ஆக வேண்டும். இங்கிலாந்துக் கடைகளிலும் அதே 20 சதவீதம்தான். இறங்காவிட்டால் கடைக்கு எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள், இல்லை வேறு கடை பாருங்கள். பார்சலில் கிஃப்ட் என்று எழுதச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். பரிசுப் பொருளுக்கான சலுகையை 2019 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள், ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. நான் சொன்ன 35 சதவீதத்தைப் பின்னால் வந்த பட்ஜெட்டில் குறைத்திருக்கிறார்கள், வாங்கும் நாளின் விகிதத்தைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். பில் ஆஃப் என்ட்ரியை மட்டும் பார்சல் கைக்கு வரும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். டெலிவரி முடிந்து நாளாகிவிட்டால் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் வாங்குவது பெரும்பாடு.