படம் பார்த்துவிட்டு வந்தவர்கள்

மார்ச் 4

புத்தகக் கடையைத் திறந்த கையோடு ஒருவர் 'வெக்கை' நாவலைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான்கு நாள் முன்பு வாங்கிப் போனவர்.

"அண்ணே, நடுவுல பக்கம் விட்டுப்போச்சு. வேற காப்பி குடுங்க."

வாங்கிப் பக்க எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். பாரம், அதாவது ஒன்றாக மடித்துத் தைக்கிற பக்கக் கட்டு, மாறிக் கோத்திருப்பது, ஒரே பாரம் இரண்டு தடவை வந்திருப்பது எல்லாம் அச்சில் நடப்பதுதான். இதில் ஒரு தாளும் குறையவில்லை. எந்த இடம் விட்டுப்போச்சு என்று கேட்டேன்.

"அப்பாவோட இளவயசுக் கதை. படத்துல அவ்வளவு நேரம் வருது, இதுல காணோமே!"

அப்போதுதான் விளங்கியது. இந்த நாவலை வைத்து 2019இல் வந்த 'அசுரன்' படத்துக்காகச் சேர்த்த பகுதி அது. பூமணி 1982இல் எழுதிய நாவலில், கொலை செய்துவிட்ட சிறுவனும் அவன் அப்பாவும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான் கதை. அதைச் சொன்னேன். அவர் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அப்ப நான் படத்தைத் தேடிக்கிட்டே படிச்சிருக்கேன். மறுபடி முதல்லேருந்து படிக்கிறேன்" என்றார்.

பக்கம் குறைகிறது என்று தோன்றும் அளவுக்கு ஒருவர் கவனித்துப் படித்திருக்கிறாரே! எனக்கு அன்று முழுக்க அதுவே நிறைவாக இருந்தது.

மார்ச் 5

நேற்றைய விஷயத்தைக் கேட்ட ஒரு பழைய வாடிக்கையாளர், "படம் பார்த்துட்டுப் புத்தகம் வாங்குறவங்க எல்லாம் வாசகரா சார்?" என்றார். கோபம் வந்துவிட்டது. யாரும் பிறக்கும்போதே வாசகராகப் பிறப்பதில்லை. ஒருவர் பள்ளிப் பாடத்தின் வழியாக வருகிறார், ஒருவர் வாரப்பத்திரிகைத் தொடரின் வழியாக, இன்னொருவர் தியேட்டரிலிருந்து. எந்த வழியாக வந்தாலும் உள்ளே வந்தவரை வாங்க என்றுதான் சொல்ல வேண்டும்.

மார்ச் 9

ஒரு அம்மா 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம் மட்டும் கேட்டார். இரண்டு படங்களையும் டிவியில் பார்த்துவிட்டாராம். ஆதித்த கரிகாலனைப் புத்தகத்தில் யார் கொன்றது என்று தெரிய வேண்டும். மூன்றாம் பாகத்தின் பெயர் 'கொலைவாள்', அதனால் அதில்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

"அது அஞ்சாம் பாகத்துல வருதும்மா, 'தியாக சிகரம்'. ஆனா அங்கயும் கல்கி இவர்தான்னு கையைக் காட்டிச் சொல்லமாட்டார்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஐந்து பாகத்தையும் எடுத்து வைக்கச் சொன்னார்.

எடுத்து வைக்கும்போது ஒன்றைப் பார்த்துத்தான் கொடுப்பேன். 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம் என்றானது. நல்ல பதிப்புகள் நிறைய வந்தன, வாசகருக்கு லாபம்தான். ஆனால் ஒரு பதிப்பகம் சுருக்கிய பிரதியை, சுருக்கம் என்று அட்டையில் போடாமலே அனுப்பிவிட்டது. தெரியாமல் நானும் சிலருக்கு விற்றுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதிலிருந்து அத்தியாயத்தை எண்ணிவிடுகிறேன்: 57, 53, 46, 46, கடைசிப் பாகம் 91. மொத்தம் 293 இருந்தால்தான் அது கல்கி எழுதியது.

மார்ச் 12

'உதிரிப்பூக்கள்' நாவல் இருக்கிறதா என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். அந்தப் பெயரில் நாவல் இல்லை, மகேந்திரனின் படத்துக்கு வித்து புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' என்று சொல்லி அதைக் கொடுத்தேன். படம் 1979இல் வந்தது, புதுமைப்பித்தன் 1948லேயே போய்விட்டார். சினிமாவுக்கு எழுதப் போன இடத்தில் காசநோய் முற்றிப் போன மனிதர். தன் கதையிலிருந்து ஒரு படம் வந்ததை அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

மார்ச் 17

ஒரு பெண் செல்போனை நீட்டினார். டிவி பேட்டியை நிறுத்திவிட்டு எடுத்த போட்டோ. பேசுகிறவரின் தோளுக்குப் பின்னால் அலமாரி, அதில் ஒரு தடிப் புத்தகத்தின் முதுகு. பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் கலங்கிப்போகிறது. "மோக" மட்டும் தெரிகிறது. "இதுதான் வேணும்."

முதுகின் அகலத்தைப் பார்த்தேன். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளை எடுத்து, முதுகு தெரிகிற மாதிரி போட்டோவுக்குப் பக்கத்தில் பிடித்தேன். "இதேதான்!" என்றார். 1995இல் ஞான ராஜசேகரன் இதைப் படமாக எடுத்திருக்கிறார் என்றேன்.

"படிச்சு முடிச்சிட்டு அப்புறமா பாக்குறேன் சார். இப்ப எதுவும் சொல்லிடாதீங்க."

மார்ச் 19

'வெக்கை' வாங்கியவர் மறுபடி வந்தார். இந்த முறை கையில் எதுவும் இல்லை.

"முடிச்சிட்டேண்ணே. இவரு வேற என்ன எழுதியிருக்காரு?"

'பிறகு' ஒரே ஒரு பிரதி இருந்தது, மேல் தட்டில். ஏணியை எடுத்துப் போட்டேன்.