கோபத்தின் செல்லிடம்

புதிதாக ஒரு நாட்டுக்குக் குடிபெயர்கிறவருக்கு விசா, வாடகை வீடு, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் யாராவது ஒரு பட்டியல் கொடுத்துவிடுகிறார்கள். முதல் ஆண்டில் வீட்டுக்குள் எவ்வளவு கத்துவோம் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

உப்புப் பெறாத காரியங்களுக்கெல்லாம் நான் கத்தினேன். அணைக்காத விளக்கு, சாத்தாத கதவு, கூப்பிட்டவுடன் வராத பிள்ளை. வெளியே நான் பரம சாது. என்னைவிட மிக இளையவர் ஒருவர் நான் பல ஆண்டுகள் செய்த வேலையையே எனக்கு விளக்குவார், சிரித்தபடி தலையாட்டுவேன். ஒரு தாள் குறைகிறது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினால் நன்றி சொல்லிவிட்டு வருவேன்.

வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள் இதைத்தான் பேசுகிறது. ‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்’ என்று தொடங்கும் குறள் அது. சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதை அடக்குகிறவனே அடக்குகிறவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று வள்ளுவர் கேட்கிறார். புலம்பெயர்ந்தவருக்கு இந்தச் செல்லிடம் திடீரென்று சுருங்கிவிடுகிறது. அதிகாரியிடம் நம் கோபம் செல்லாது, மேலாளரிடம் செல்லாது, நாக்குத் தடுமாறும் இடம் எதிலும் செல்லாது. மிச்சம் இருப்பது வீடு ஒன்றுதான். அங்கே மொழி தடை இல்லை, வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குப் போக வேறு இடமும் இல்லை. பொறுமைசாலி என்று வெளியில் கிடைத்த பெயர் உண்மையில் கையாலாகாத்தனத்துக்குக் கிடைத்த பெயர்.

“உங்களுக்கு உண்மையில் யார்மேல் கோபம்?” என்று மனைவி ஒருநாள் அமைதியாகக் கேட்டார். எவ்வளவு யோசித்தும் ஒரு பெயரும் அகப்படவில்லை. யார்மேல் என்பதை விட்டுவிட்டு, எதனால் என்று யோசித்தபோதுதான் வழி கிடைத்தது. அதற்குக் கைகொடுத்தது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்று அது வகுக்கிறது. வெகுளிக்கு அது தரும் காரணங்கள் கடுமையானவை: உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடிக்குக் கேடு செய்தல்), அலை (அலைத்துத் துன்புறுத்துதல்), கொலை. அணைக்காத விளக்கை இந்த நான்கில் எதன்கீழ் வைப்பது? அழுகைக்கு உரியவற்றைப் பார்த்தேன். இளிவு (பிறரால் இகழப்படுதல்), இழவு (உற்றாரை இழத்தல்), அசைவு, வறுமை. அசைவு என்பதற்கு, பண்டை நிலைமை கெட்டு வேறொருவாறாகி வருந்துவது என்று தொல்காப்பியத்தின் பழைய உரையாசிரியரான பேராசிரியர் உரை சொல்கிறார். குடியேறியவனின் முதல் ஆண்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

அதன்பின் கோபம் தணிந்த இரவுகளில் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். நடந்தது என்ன, அழுகையின் அந்த நான்கில் எது என்பது மட்டும். மகள் என் உச்சரிப்பைத் திருத்தினாள்: இளிவு. பெரியப்பாவின் இறுதிச் சடங்கைத் தொலைபேசித் திரையில் பார்த்தேன், மறுநாள் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்: இழவு. என் அனுபவச் சான்றிதழ்கள் இங்கே கணக்கில் சேராது என்றார்கள்: அசைவு. பக்கங்களைப் புரட்டினால் அசைவுதான் அதிகம். நான் கோபம் என்று நினைத்ததில் பெரும்பகுதி அழாமல் விட்ட அழுகை. ஆண்கள் அழக் கூடாது, கத்தலாம் என்று வளர்க்கப்பட்டதன் விளைவு இது என்பது என் அபிப்பிராயம்.

காரணம் தெரிந்தால் உணர்ச்சி ஓடிப்போய்விடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் செய்ய வேண்டியது மாறுகிறது. இளிவு என்றால் மகளிடமே உச்சரிப்பு கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டும் வருகிறேன், கண்டிப்பான ஆசிரியை. இழவுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அசைவுதான் கடினம், அதற்குக் காலம் பிடிக்கிறது.

எழுதுவது உடனே ஆறுதல் தரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட உளவியல் ஆய்வில், தங்களை உலுக்கிய நிகழ்வுகளை மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் அவர்களின் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. நிகழ்வையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகப் போனார்கள். எனக்கும் எழுதிய இரவு கனமாகவே இருக்கும். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் பேனாவை மூடிவிடுவேன். அது சிந்தனை அல்ல, செக்குமாட்டின் சுற்று. வாரக்கணக்கில் தூக்கமே இல்லை என்றால் நோட்டை நம்பாமல் மருத்துவரிடம் போவதுதான் சரி.

எல்லாக் கோபத்தையும் அழுகை என்று பெயர் மாற்றிவிடவும் கூடாது. ஒருமுறை கூடுதல் நேர வேலைக்குச் சம்பளம் தராமல் வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அன்று எழுதிப் பார்த்தபோது அது ஐயமில்லாமல் வெகுளியின் பக்கம் சேர்ந்தது. அலை என்று குறித்துவிட்டு, வேலை செய்த நேரங்களைத் தேதிவாரியாக அடுக்கி முறையாகப் புகார்க் கடிதம் எழுதினேன். அன்றிரவு வீட்டில் யாருக்கும் திட்டு விழவில்லை.

இப்போது மனைவியும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதில் என் பெயர்தான் அதிகம் வருகிறதாம். எந்தத் தலைப்பின்கீழ் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்.