தாளிக்கும் வாசம் ஆகாத நாட்கள்

எனக்கு மசக்கை 6-வது வாரத்தில் ஆரம்பித்தது. காலையில் மட்டும்தான் குமட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினாலும் வாயில் எச்சில் ஊறி, வாஷ்பேசினுக்கு ஓடுவேன். சோறு கொதிக்கும் வாசம்தான் மிக மோசம். அத்தை அதைப் புரிந்துகொண்டு, நான் எழுவதற்கு முன்பே வடித்து முடித்துவிடுவார்.

எனக்குக் கைகொடுத்தது பொரி. தலைமாட்டில் டப்பாவில் வைத்துக்கொண்டு, கண் விழித்ததும் படுத்தபடியே ஒரு கைப்பிடி மென்று, கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்திருப்பேன். வெறும் வயிற்றோடு எழுந்த நாட்களில் மஞ்சளாகப் பித்தநீர்தான் வந்தது. அப்புறம், சூடாக எதுவும் இறங்காது. ஆறிய தயிர்சோறும் நார்த்தங்காயும் இறங்கும்.

9-வது வாரம் தண்ணீர்கூட நிற்கவில்லை. சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. "மசக்கைன்னா அப்படித்தான்" என்று இரண்டு நாள் பொறுத்திருந்தது தவறு. உடல் பட்டினி கிடந்தால் வெளியேறும் கீட்டோன் என்ற பொருள் சிறுநீரில் இருப்பதைப் பார்த்து டாக்டர் டிரிப்ஸ் ஏற்றினார். குமட்டலைக் குறைக்க, இரவில் போட டாக்சிலமைன் மருந்தும் வைட்டமின் பி6-ம் சேர்ந்த மாத்திரை கொடுத்தார். கர்ப்பத்தில் மாத்திரையா என்று பயந்தேன். பல வருடங்களாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவரும் மருந்துதான் என்று பொறுமையாக விளக்கினார்.

நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு மசக்கையில் பெரிய பங்கு உண்டு என்று 2023-ல் வந்த ஆய்வைப் பிறகு படித்தேன். "மனசுல தைரியம் வேணும்" என்று சொன்னவர்களுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டத் தோன்றியது.

15-வது வாரம் ஒரு காலை, கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. பசித்தது. அத்தையிடம் இரண்டு தோசை கேட்டேன்.