நொதிக்கு முன்னால் வரும் கைகள்

பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர் ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்று சொன்னால் உறவினர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: அதைக் கொண்டுபோய்க் கொடுங்கையூர் குப்பைமேட்டில் தூவிவிட்டால் என்ன? அந்தக் கேள்வியில் இருக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் தரமணியில் எங்கள் ஆய்வகத்தில் பிளாஸ்டிக்கின் அருகே உயிருள்ள கிருமி போவதே இல்லை.

ஜப்பானின் சகாய் நகரில், பாட்டில் மறுசுழற்சி ஆலை ஒன்றின் அருகே கிடைத்த பாக்டீரியாவைப் பற்றி 2016இல் கட்டுரை வந்தது. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கின் மெல்லிய படலத்தை, தன் நொதிகளால் (வினையை விரைவாக்கும் புரதங்களால்) 30 டிகிரி வெப்பத்தில் சிதைக்க அது ஏறக்குறைய ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. நாங்கள் கையாள்வது இன்னொரு நொதியை. இலையும் கிளையும் மக்கிய எருவிலிருந்து அதன் மரபணு கிடைத்தது. அதை மேம்படுத்திய பிரெஞ்சு ஆய்வாளர்கள், பத்து மணி நேரத்தில் 90 சதவீத பெட்டைச் சிதைத்ததாக 2020இல் அறிவித்தார்கள். அந்த மரபணுவை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் செலுத்தி, வளர்த்து, செல்களை உடைத்து நொதியை மட்டும் பிரித்தெடுக்கிறோம். வினை நடப்பது 70 டிகிரியை ஒட்டி. ஈ.கோலையால் அங்கே பிழைத்திருக்க முடியாது.

எங்களை உண்மையில் வாட்டுவது பாட்டில்தான். ஊதி இழுத்துச் செய்வதால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுப் படிகமாகியிருக்கும். அதில் நொதியின் பல் இறங்காது. எனவே முதலில் பாட்டிலை உருக்கி, சட்டென்று குளிரவைத்து, பொடியாக்க வேண்டும். வினையின்போது வெப்பம் குறைந்தால் சங்கிலிகள் இளகாது. கூடினால் மறுபடி படிகமாகிவிடும். பெட் சிதைந்து டெரிப்தாலிக் அமிலம் வெளிவரும்போதெல்லாம் பி.எச். (அமில-கார அளவு) இறங்கும், காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரவுப் பணியில் என் கண் அந்த எண்ணை விட்டு அகலாது. எனக்கு இந்த வேலை பிடித்திருப்பதற்கு அந்த இரவுகளும் ஒரு காரணம்.

பாட்டில்களைப் பெருங்குடிப் பக்கம் ஒரு காயலான் கடையில் வாங்குகிறோம். அங்கே பிரிக்கும் அக்காக்கள் ஒரு துண்டை நசுக்கி, சத்தத்தைக் கேட்டே பெட்டா இல்லையா என்று சொல்லிவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுவார்கள்: பெட் மூழ்கும், மூடி மிதக்கும். மூடி, லேபிள், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் நீங்கி எங்களிடம் வரும் பொருளில்தான் எங்கள் அறிவியல் தொடங்குகிறது. கலந்து கிடக்கும் குப்பையில் அந்த நொதியை ஊற்றினால் வீண்தான்.

கேரி பேக்கும் பால் பாக்கெட்டும் பாலித்தீன். அதன் முதுகெலும்பு முழுவதும் கார்பனோடு கார்பன் பிணைந்தது. பெட்டில் இருக்கும், எங்கள் நொதி வெட்டக்கூடிய எஸ்டர் பிணைப்பு அதில் கிடையாது. ‘பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா’ என்ற செய்தியைப் படித்துவிட்டு, இனி மஞ்சப்பை தேவையில்லை என்று யாராவது நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2019 ஜனவரியில் தமிழகத்தில் தொடங்கிய, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் மீதான தடையின் வேலையை இந்த நொதியால் செய்ய முடியாது.

நொதிக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்கும் திட்ட வரைவுகளில், பிரிக்கிற கைகளுக்கு மட்டும் இடம் இருப்பதில்லை. மூலப்பொருள் விலைக்குள் அவர்கள் உழைப்பு கரைந்துபோகிறது. இது நியாயமில்லை என்று குழுக் கூட்டத்தில் சொன்னேன். அடுத்த வரைவில் அவர்களுக்கான கூலி, கையுறை, மருத்துவப் பரிசோதனை மூன்றையும் தனித் தலைப்பில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். நிதிக்குழு அதை வெட்டினால், நொதி செய்யும் செலவிலிருந்து குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப்போகிறேன்.