மெரூன் நேவி புளூ ஆன கதை

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6 என்ற நிரல்மொழியில் எழுதிய அதன் பழைய மென்பொருளை சி ஷார்ப் என்ற வேறொரு நிரல்மொழிக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. ஒவ்வொரு ஷேடுக்கும், அதாவது சாய நிறத்துக்கும், தரவுத்தளத்தில் ஒரு நிற எண் இருந்தது. அந்த எண்ணுக்குள் நான்கு பைட்டுகள்; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. முதலில் திரையைத் திறந்தபோது நிறக் கட்டங்கள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. சி ஷார்ப்பில் எண்ணின் உச்சி பைட் ஆல்ஃபா, அதாவது நிறம் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்ற அளவு. அது பூஜ்யமானால் நிறம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். பழைய எண்களில் அது பூஜ்யம்தான். அங்கே 255 போட்டதும் நிறங்கள் வந்தன. கறுப்பு, வெள்ளை, சாம்பல், பச்சை நான்கையும் சரிபார்த்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் டையிங் மாஸ்டர் கூப்பிட்டார். லேப் டிப் துணித்துண்டை, அதாவது மாதிரிக்குச் சாயமேற்றிய துண்டை, திரையோடு ஒட்டிப் பிடித்தார். "தம்பி, என் கையில் இருப்பது மெரூனுங்க. உங்கள் திரையில் நேவி புளூங்க."

அந்த ஷேடின் எண் 128. அதாவது கடைசி பைட் 128, மற்றவை பூஜ்யம். விண்டோஸின் பழைய முறையில் கடைசி பைட் சிவப்பு. ஆகவே 128 என்றால் மெரூன். சி ஷார்ப்பிலோ கடைசி பைட் நீலம். அதே 128 நேவி புளூ ஆகிவிடுகிறது. நான் சோதித்த நான்கிலும் சிவப்பும் நீலமும் சம அளவு. இடம் மாறினாலும் தெரியாத நிறங்களாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்! இன்று நினைத்தாலும் மனம் உறுத்துகிறது. அந்த மாஸ்டர் எந்தத் துணியையும் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 வெளிச்சத்தில் வைக்காமல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நான் எண்ணுக்குள் எந்த நிறம் எந்த இடத்தில் என்றுகூடக் கேட்கவில்லை.

சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்ற நானே ஒரு ஃபங்ஷன், அதாவது சிறு நிரல்துண்டு, எழுதினேன். மெரூன் திரும்பியது. ஆனால் நிறம் தேர்ந்தெடுக்காத வரிசைகள் கருத்துப்போயின. அவற்றின் எண் -2147483633. அது நிறமே அல்ல. 'பொத்தானுக்கு விண்டோஸ் என்ன நிறம் வைத்திருக்கிறதோ அது' என்ற குறிப்பு. அதைப் பைட் பைட்டாகப் பிரித்தால் கிட்டத்தட்டக் கறுப்புதான் மிஞ்சும். சி ஷார்ப்பில் ஏற்கெனவே கிடைக்கும் கலர்டிரான்ஸ்லேட்டரில் உள்ள ஃப்ரம்ஓலே என்ற ஃபங்ஷன், பழைய நிற எண், இந்தக் குறிப்பு இரண்டையும் சரியாகப் புரிந்துகொள்ளும் என்று தெரிந்ததும் என் ஃபங்ஷனை அழித்தேன்.

புதிய அட்டவணையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி வைத்தேன். சோதனைக்கு இப்போது முதலில் போடும் நிறம் 200, 100, 50. மூன்றும் வேறு வேறு; இடம் மாறினால் உடனே தெரிந்துவிடும்.